அக்கா பேரில் ஒரு பட்டறை

ஓசூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிரவீனா கிருஷ்ணகிரி நர்சிங் ஹாஸ்டலில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்திக்கொள்கிறோம், இனி எதுவானாலும் எழுது என்று உகாதிச் சண்டைக்குப் பிறகு நீ சட்டம் போட்டாய். சட்டப்படி எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. வேலையை விட்டுவிட்டேன்!

பயப்படாதே. யாரும் துரத்தவில்லை. பதினான்கு வருஷம் அடுத்தவன் மெஷினில் அடுத்தவன் பொருளைக் கடைந்தாயிற்று. ராஜினாமாவைக் கொடுத்தபோது சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஏன்யா, யோசிச்சிக்கினுதான் பண்றியா?" என்றார். "யோசிச்சதாலதான் சார் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட் தாண்டும்போது கால் தரையில் இல்லை.

பெங்களூரு பீன்யாவில் மூடப்போகும் ஒரு பட்டறையிலிருந்து சிஎன்சி லேத், அதுதான் கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின், ஒன்றைப் பேசி முடித்திருக்கிறேன். பழசுதான். ஆனால் ஓடவிட்டுக் கேட்டேன் அக்கா, துளி உறுமல் இல்லை. பி.எஃப். பணம் பாதி, கடன் பாதி. சிப்காட்டுக்குப் பின்னால் ஷெட்டும் பிடித்தாயிற்று. ஸ்கூட்டருக்குப் போகும் புஷ்களை, குட்டி இரும்பு வளையங்களை, கடைந்து கொடுக்கும் வேலை. ஆர்டர் தருகிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன்னால் ஒரு சின்ன உதவி ஆக வேண்டும். பெண்கள் பேரில் தொழில் இருந்தால் கடன் வட்டியில் சலுகை கிடைக்குமாம். என்னோடு வேலை பார்த்த ரத்தினவேல் சொல்கிறான். பட்டறையை உன் பேரில் பதிந்துவிடட்டுமா? நீ கையெழுத்து மட்டும் போடு, மற்றதை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பதிலை நீ எனக்கு அனுப்பும் காய்கறிப் பையிலேயே வைத்துவிடு. பேரிகை பஸ் கண்டக்டர் பத்திரமாகக் கொடுத்துவிடுகிறார்.

சந்தோஷத்தில் தூக்கம் வராத உன் தம்பி,
மாதேஸ்வரன்

—

பேரிகை
9 ஆகஸ்ட் 2024

தம்பி மாதேசுக்கு,

இங்கே நானும் மாடுகளும் சௌக்கியம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் பாட்டுக்கு நடக்கிறேன்.

உன் கடிதத்தைக் குடமிளகாய்த் தோட்டத்தில் நின்று படித்தேன். படித்து முடித்தபோது மோட்டாரை நிறுத்த மறந்து வாய்க்கால் வழிந்து பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டது. அவர்கள் திட்டினார்கள். "என் தம்பி சொந்தமா மெசினு வாங்கிட்டான்" என்று நானும் திருப்பிக் கத்தினேன். திட்டு பாதியில் நின்றுவிட்டது. நம் வீட்டில் முதலாளி என்று ஒருவன் வருவான் என நான் கனவிலும் நினைக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், இனி நீ பின்வாங்க முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். உனக்கும் சரிதாவுக்கும் தீர்ந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. தேஜுவுக்காகக் கோர்ட் சொன்ன எட்டாயிரத்தைக் கம்பெனிதான் உன் சம்பளத்தில் பிடித்து மாதாமாதம் சரிதா கணக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இனி அதை யார் அனுப்புவார்கள்? இவ்வளவு நீளக் கடிதத்தில் உன் மகள் பேர் ஓர் இடத்திலும் இல்லையே, அதனால் கேட்கிறேன்.

கையெழுத்து விஷயம் யோசித்துச் சொல்கிறேன். பையில் அவரை இருக்கிறது, வாடுவதற்குள் சமைத்துச் சாப்பிடு.

உன் அக்கா,
ஜெயமணி

—

ஓசூர்
18 ஆகஸ்ட் 2024

என் அன்பான அக்காவுக்கு,

உன் ஆசீர்வாதத்தில் நலமே. முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். இரவு தடவிக்கொள்.

மெஷின் வந்துவிட்டது! நீ பார்த்திருக்க வேண்டும். லாரி சந்துக்குள் திரும்பவில்லை. லாரிக்காரர் கன்னடத்தில் கத்துகிறார், கிரேன்காரர் தெலுங்கில் கத்துகிறார், நான் தமிழில் கத்துகிறேன். கடைசியில் மூன்று பேரும் ஒருவர் பாஷையில் ஒருவர் திட்டிக்கொண்டோம். ஷட்டர் உயரம் போதவில்லை. அதைக் கழற்றித்தான் மெஷினை உள்ளே விட்டோம். சுவிட்சைப் போட்டதும் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. கிரேன்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவருக்கும் எனக்கும் என்ன உறவு சொல்!

போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன். தேஜஸ்வினி இன்ஜினியரிங். இங்கே எல்லாப் பட்டறைக்கும் சாமி பேர் இல்லையென்றால் பிள்ளை பேர்தான். கடிதத்தில் என் மகள் பேர் இல்லை என்றாயே, இப்போது ரோட்டில் போகிற எல்லாரும் படிக்கும்படி எழுதப்போகிறேன்.

நீ கேட்ட மற்றதைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன். பதிவுக் காகிதங்கள் இத்துடன் இருக்கின்றன. பென்சிலில் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டால் போதும். சீக்கிரம் அக்கா, மெஷினுக்குப் பாதிப் பணம் பாக்கி, கையெழுத்து வந்தால்தான் பேங்கில் கடன் தருவார்கள்.

உன் தம்பி,
மாதேஸ்வரன்

—

பேரிகை
2 செப்டம்பர் 2024

மாதேசுக்கு அக்கா எழுதிக்கொள்வது,

உடம்பைக் கவனித்துக்கொள்கிறாயா? தைலம் நன்றாகக் கேட்கிறது. எழுதத் தாமதம். தக்காளி அறுவடை, மார்க்கெட் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

மெஷின் வந்த கதையைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அங்கே இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

நேற்று சரிதா போன் செய்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அண்ணி, போன மாசம் கம்பெனி பணம் வரல. அவுருக்கு உடம்பு கிடம்பு செரியில்லியா?" என்று மட்டும் கேட்டாள். வேலையை விட்டதை நீ அவளிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் என்ன சொல்வது? விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மத்திகிரியிலிருந்து தேஜு போகும் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டாளாம். பிள்ளை டவுன் பஸ்ஸில் போகிறது.

காகிதங்கள் டிரங்குப் பெட்டிமேல் இருக்கின்றன. கேட்டதற்குப் பதில் வரட்டும்.

அக்கா,
ஜெயமணி

—

ஓசூர்
6 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். கோபப்படாமல் படிக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதி. முதல் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது! மாதிரிக்குக் கொடுத்த புஷ்களை ஒன்றுவிடாமல் அளந்து பார்த்து, "யாரு கடைஞ்சது இது?" என்று கேட்டார்கள். "நானேதாங்க" என்றேன். அந்த "நானேதாங்க" இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போல.

இப்போது நீ கேட்டது. கோர்ட் உத்தரவில் "சம்பளத்தில் பிடித்து" என்று எழுதியிருக்கிறது. எனக்குச் சம்பளமே இல்லை. எதில் பிடிப்பது? ரத்தினவேலும் அதையே சொல்கிறான், சம்பளம் இல்லையென்றால் பிடித்தமும் இல்லையாம். சொந்தத் தொழிலில் வருமானம் என்று நிச்சயமாக என்ன சொல்ல முடியும்? ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. பட்டறை உன் பேரில் இருந்தால் நாளைக்கே கோர்ட்டில் கேட்டாலும் என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். வட்டிச் சலுகையும் உண்மைதான், இதுவும் உண்மைதான். உன்னிடம் மறைப்பானேன்.

ஏமாற்றுவதாக நினைக்காதே. தொழில் காலூன்ற ஆறு மாதம் வேண்டும். பிறகு மொத்தமாகக் கொடுத்துவிடுவேன். கையெழுத்துப் போடு அக்கா. நீயும் கைவிட்டால் மெஷினைத் திரும்ப லாரியில் ஏற்ற வேண்டியதுதான்.

உன்னையே நம்பியிருக்கும்,
மாதேஸ்வரன்

—

பேரிகை
29 செப்டம்பர் 2024

மாதேசுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் சுகமாக இரு.

இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன், கிருஷ்ணகிரி கோர்ட்டில். பிரவீனா அப்போது இடுப்பில் இருந்தாள். அவள் அப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சொந்த டெம்போங்க, ஒரு நா ஓடும், ஒரு நா ஓடாது, வருமானம்னு ஒண்ணும் நிக்கறதில்லீங்க" என்றான். டெம்போ அவன் அண்ணன் பேரில் இருந்தது. வெளியே வந்ததும் நீ அவன் சட்டையைப் பிடித்தாய். "பெத்த புள்ளைக்கி சோறு போடாதவனெல்லாம் ஒரு ஆளாடா?" என்று கேட்டாய். உனக்கு அப்போது மீசைகூடச் சரியாக வரவில்லை. நாலு பேர் சேர்ந்து உன்னை இழுத்துக்கொண்டு வந்தோம்.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

காகிதங்களில் நீ குறி போட்ட எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பையில் அடியில் இருக்கிறது, மேலே கொத்தமல்லி ஈரம், பார்த்து எடு. ஆயுத பூஜைக்கு முதல் நாளே வந்துவிடுகிறேன்.

ஜெயமணி

—

ஓசூர்
15 அக்டோபர் 2024

என் உயிரான அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து அசதி தீர்ந்ததா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா?

நீ வந்து போனதிலிருந்து ஷெட்டே திருவிழா மாதிரி இருக்கிறது. மெஷினுக்கு நீ வைத்த சந்தனத்தை நான் இன்னும் துடைக்கவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம், "ஓனரம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டபோது நீ வெட்கப்படாமல், "ஆமா, வந்துட்டேன், பொரி எடுத்துக்கோங்க" என்றாயே! பேங்கிலும் அப்படித்தான். கணக்கு உன் பேரில் என்பதால் போன் நம்பரும் உன்னுடையதுதான் வேண்டும் என்றார்கள். நீ பட்டென்று சொல்லிவிட்டாய். ஓடிபி வரும்போது மெசேஜில் தட்டிவிடு, அது போதும்.

நேற்று முதல் லோடை உத்தனப்பள்ளி பக்கம் கொண்டுபோனேன். சானமாவுக் காட்டில் யானை ரோட்டில் நிற்கிறது என்று வண்டியை எல்லாம் மறித்துவிட்டார்கள். புஷ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் லோடே லேட்டா என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போய்ச் சேர்ந்தால் வாங்குகிறவரும் அதே வரிசையில்தான் எனக்குப் பின்னால் நின்றிருந்தாராம்! இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தோம். பில் தொகை கணக்குக்கு வந்துவிடும் அக்கா. என் உழைப்பில் வரும் முதல் பணம்!

உனக்கு நன்றிக்கடன் பட்ட,
மாதேஸ்வரன்

—

அனுப்புநர்
கோ. ஜெயமணி, உரிமையாளர்,
தேஜஸ்வினி இன்ஜினியரிங்

பெறுநர்
கோ. மாதேஸ்வரன், மெஷின் ஆபரேட்டர்,
மேற்படி பட்டறை

பேரிகை
2 நவம்பர் 2024

ஐயா,

தாங்களும் தங்கள் மெஷினும் நலம் என்று நம்புகிறேன்.

அக்டோபர் மாதம் தாங்கள் திறம்பட வேலை செய்தமைக்கு நிர்வாகம் மகிழ்கிறது. தாங்களே என்னிடம் கையெழுத்து வாங்கியபடி பட்டறை என்னுடையது. ஆகவே தாங்கள் என் தொழிலாளி. ஆகவே தங்களுக்குச் சம்பளம் உண்டு. சம்பளம் இருப்பதால் பிடித்தமும் உண்டு. இந்த மாதப் பிடித்தத்தையும் விட்டுப்போன மாதங்களுக்கானதையும் சேர்த்து இன்று காலை திருமதி சரிதா கணக்குக்கு அனுப்பிவிட்டேன். பிரவீனா தீபாவளிக்கு வந்திருக்கிறாள், போனில் எப்படி அனுப்புவது என்று அவள்தான் காட்டிக்கொடுத்தாள். ஓடிபி வேறெங்கும் போகவில்லை, எனக்கேதான் வந்தது.

கடன் தவணை, கரண்ட் பில், ஷெட் வாடகை எல்லாம் கட்டியாயிற்று. மிச்சம் தங்கள் சம்பளம். குறைவுதான். அடுத்த மாதம் நன்றாகக் கடையுங்கள், கூட்டித் தருகிறேன்.

தீபாவளி போனஸாக ஒரு சட்டையும் அதிரசமும் பையில் உள்ளன.

இப்படிக்கு,
முதலாளி

—

ஓசூர்
4 நவம்பர் 2024

ஜெயமணிக்கு,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

கூடப் பிறந்தவளை நம்பிக் கழுத்தை நீட்டினேன். மெஷினை ஏற்றி இறக்கினது நான், எண்ணெயில் ஊறுவது நான், பூட்டும் சாவியும் உன் கையில். ரத்தினவேல் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கேட்டாயா, எனக்கு ஏற்றது எது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதிரசம் கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி பை அனுப்பாதே. எழுதாதே.

மாதேஸ்வரன்

—

பேரிகை
3 டிசம்பர் 2024

தம்பி,

பனி அதிகமாக இருக்கிறது, விடிகாலையில் வண்டி ஓட்டும்போது காதை மூடிக்கொள்.

எழுதாதே என்றாய், ஒரு மாதம் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. நவம்பர் மாதமும் பிடித்து அனுப்பியாயிற்று. என்மேல் அத்தனை கோபத்திலும் ஓர் ஆர்டரைக்கூட நீ தவறவிடவில்லை, கணக்கில் பார்க்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. உரிமையாளர் என்று எழுதும்போதும் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பானேன். இரண்டு மாதம் நானும் முதலாளியாக இருந்து பார்த்துவிட்டேன்.

ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது என்று எழுதினாயே. நாளைக்குத் தக்காளி என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியுமா? ரோட்டில் கொட்டிவிட்டு வந்த வருஷமும் உண்டு. அந்த வருஷமும் பிரவீனாவுக்கு ஃபீஸ் கட்டினேன். நானும் சொந்தத் தொழில்தான் மாதேசு. எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

போன வாரம் மத்திகிரிக்குப் போனேன். தேஜுவுக்கு மறுபடியும் வேன் வருகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போவதுதான் ஜாலி என்று அவள் ஒரே அழுகை. தோசை சாப்பிட்டுக்கொண்டே, "அத்த, அப்பா ஏன் ஞாயித்துக்கெழம வர்றதில்ல?" என்று கேட்டாள். ஆகஸ்டிலிருந்து நீ அந்தப் பக்கமே போகவில்லையாமே. பணம் கொடுக்காதவன் எந்த முகத்தோடு போவான் என்று நான் புரிந்துகொண்டேன். அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

பட்டறையை உன் பேருக்கே மாற்றும் காகிதங்களை ஆடிட்டரிடம் சொல்லித் தயார் செய்துவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று, பையில் இருக்கிறது. என் பேரில் இருந்தால் பிடித்தம் இருக்கும், நீ ஆபரேட்டர். உன் பேரில் இருந்தால் நீ முதலாளி, ஒன்றாம் தேதி உன் கையால் அனுப்பு. எது வேண்டுமோ எடுத்துக்கொள். மாற்றிக்கொண்டு அனுப்பாமல் இருந்தால் நான் ஒன்றும் செய்யமாட்டேன். கோர்ட்டுக்குப் போகமாட்டேன், சண்டைக்கு வரமாட்டேன். பை மட்டும் வராது.

சட்டையும் திரும்ப வைத்திருக்கிறேன். அளவு சரியாக இருக்கும்.

அக்கா

—

ஓசூர்
3 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கும் பிரவீனாவுக்கும் நல்லபடியாக இருக்கட்டும். உன் முழங்காலுக்கும். நான் நலம். சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், கை கொஞ்சம் நீளம்.

பேர் மாறிவிட்டது. எல்லாம் என் பேரில் வந்தாயிற்று. வக்கீலிடமும் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆர்டரு உங்க மேலங்க, கம்பெனி மேல இல்ல. வேலய வுட்டாலும் அது நிக்கும். முடியலன்னா கோர்ட்ல சொல்லி மாத்திக்கலாம், சொல்லாம நிறுத்தக் கூடாது" என்றார். டெம்போக்காரன் நினைவு வந்தது. அந்த ஆபீசில் அவன் சட்டையை நானே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலக் கூசிப்போனேன் அக்கா. அதை உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். என் வருமானத்தை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒருவர் பில் தொகையை இழுத்தடிக்கிறார். அதனால் ஒன்றாம் தேதி கணக்கில் இருந்தது கொஞ்சம்தான். ஷெட் சொந்தக்காரரிடம் ஒரு வாரம் தவணை சொல்லிவிட்டு, முதலில் சரிதா கணக்குக்கு அனுப்பினேன். ஓடிபி என் போனுக்கு வந்தது. பரீட்சை எழுதுகிறவன் மாதிரி ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சரிதா நம்பரிலிருந்து போன். எடுத்தால் தேஜு!

"அப்பா, அம்மா போன்ல மெசேஜு வந்துக்கிது. உன் பேரு போட்டுக்கிது. நீயா பணம் அனுப்புன?"

"ஆமாண்டா கண்ணு."

"முன்னெல்லாம் கம்பெனி பேருதான வரும்?"

"அது என் சம்பளத்துல புடிச்சி அனுப்புனதும்மா."

"அது உன் காசா? நான் கம்பெனி குடுக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா. ஸ்காலர்ஷிப்பு மாரி."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷம் அக்கா! ஒரு மாதம் தவறாமல் போயிருக்கிறது. நானும் என் சம்பளத்தில் யாரோ பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவளும் யாரோ கொடுக்கிறார்கள் என்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா அனுப்பினார் என்று என் மகள் நினைத்த முதல் பணம் இதுதான்.

பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். அவள் தொண்டையைத்தான் உனக்குத் தெரியுமே.

"அம்மா! எங்கப்பாதான் அனுப்பிக்கிறாரு!"

ஞாயிற்றுக்கிழமை மத்திகிரிக்குப் போகிறேன். பையில் கொஞ்சம் கூடக் காய் வைத்து அனுப்பு, கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன் தம்பி,
மாதேஸ்வரன்